அக்கா பையன் பாட்டும் பம்பைக்காரர் பங்கும்

மண்ணூர்பேட்டைங்கிற பேருல மட்டும்தான் இப்போ மண்ணு இருக்கு. பாடியிலிருந்து எம்.டி.எச். ரோட்டுல மேற்கே வந்தா அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டி வர்ற ஊரு. எங்க அக்காவைக் கொடுத்த ஊரு. 1964-ல எஸ்டேட் வர்றதுக்கு முன்னாடி அங்கயும் நாத்து விட்டாங்க, நடவு நட்டாங்கன்னு அக்கா மாமியார் இருந்தவரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பாங்க. "அதோ அந்தக் கம்பெனி கேட்டு இருக்குதே, அங்கதான் நம்ம களம்"னு கை காட்டுவாங்க. இப்போ அந்தத் தெருவுல ரெண்டு பக்கமும் லேத்து, பிரஸ் ஷாப், பெயின்ட் ஷாப்.

வழக்கமா நெல்லு, கீரை, ஏரி மதகுன்னு எழுதுற இடத்துல இந்த முறை கம்ப்யூட்டர் பாட்டைப் பத்தி எழுதுறேன். நம்ம ஊர் பம்பைக்காரர் அதுல மாட்டிக்கிட்டதால எழுத வேண்டியதாப் போச்சு.

அக்கா பையனுக்கு 26 வயசு. ஐ.டி.ஐ. முடிச்சுட்டு எஸ்டேட்ல பவர் பிரஸ் ஓட்டுறான். தகட்டை வச்சுப் பெடலை மிதிச்சா டக்குனு இறங்கி வாஷர் வெட்டிப் போடுற மெஷின். எட்டு மணி நேரமும் அதே சத்தம். கூட இருக்கிறவங்க காதுல பஞ்சு வச்சுக்கிறாங்க. இவன் சாப்பாட்டுப் பைக்குள்ள போனை வச்சு அந்தச் சத்தத்தைப் பதிவு பண்ணிக்கிட்டு வந்துட்டான். ராத்திரி மாடி ரூம்ல உக்காந்து, பழைய லேப்டாப்ல அந்த 'டக்'கை மட்டும் வெட்டி எடுத்து, வரிசையா அடுக்கி, நிமிஷத்துக்கு 120 அடி வர்ற மாதிரி வச்சான். அதுக்கு மேல ஒரு அடிக்குரல், அதுக்கு மேல கீபோர்டு மாதிரி ஒரு இழுப்பு. ஒவ்வொண்ணையும் ஒரு ட்ராக்குன்னு சொல்றான். வரப்பு போட்டு நாலு பாத்தியில நாலு விதை விதைச்ச மாதிரி திரையில தெரியுது. எந்தப் பாத்திக்கு எப்போ தண்ணி விடணும், எப்போ மடை அடைக்கணும்கிறதுதான் அவன் வேலை. பாடகர் கிடையாது, வாத்தியக்காரர் கிடையாது, ஸ்டூடியோ வாடகை கிடையாது.

அவன் பயன்படுத்துறது எஃப்.எல். ஸ்டூடியோன்னு ஒரு மென்பொருள். பெல்ஜியம் கம்பெனி ஒண்ணு 1997-ல ஃப்ரூட்டிலூப்ஸ்னு பேர் வச்சு விட்டது. காசு கட்டாம சோதனைக்குக் கிடைக்கிறதுல ஒரு குறும்பு இருக்கு: செஞ்ச வேலையைச் சேமிக்கலாம், ஆனா மூடிட்டுத் திரும்பத் திறக்க முடியாது. பாட்டை முடிக்கிற வரைக்கும் மூடக் கூடாது. அதனால முதல் பாட்டுக்கு மூணு நாள் லேப்டாப்பை அணைக்காமலே வச்சிருந்தான். கரன்ட் போயிடுமோன்னு அக்காவை வீட்ல காவல் வச்சுட்டு ஷிப்டுக்குப் போயிருக்கான். அப்புறம்தான் ஓ.டி. காசைச் சேர்த்து முழுசா வாங்கினான். கையில காசில்லாதவங்களுக்கு எல்.எம்.எம்.எஸ்., ஆடாசிட்டின்னு முழுக்க இலவசமா இருக்கிறதும் உண்டு. நம்ம வாசகர் வீட்டுப் பிள்ளைங்க யாராவது ஆசைப்பட்டா அதுலயே ஆரம்பிக்கலாம்.

அக்காவுக்கு இதெல்லாம் வெள்ளைக்காரன் சத்தம். அவன் அதுக்கு ஒரு கதை சொன்னான். நானும் தேடிப் படிச்சேன், உண்மைதான். மும்பையில இந்திப் பட இசைக்குழுவுல கிடார் வாசிச்சவர் சரண்ஜித் சிங். 1982-ல பத்து ராகத்தை டிஸ்கோ தாளத்துல வாசிச்சு ஒரு இசைத்தட்டு போட்டார். கூட ஆள் கிடையாது. ரோலண்ட் கம்பெனியோட மூணு பெட்டி மட்டும்: டி.ஆர். 808 தாளத்துக்கு, டி.பி. 303 அடிக்குரலுக்கு, ஜூபிடர் 8 ராகத்துக்கு. யாரும் வாங்கல. அதே 303 பெட்டியை அமெரிக்காவுலயும் யாரும் வாங்காம, கம்பெனி 1984-ல நிறுத்திடுச்சு. பழைய சாமான் கடையில சல்லிசா கிடைச்ச அந்தப் பெட்டியை வச்சு சிகாகோ பசங்க 'ஆசிட் ஹவுஸ்'னு ஒரு இசையையே கிளப்பினாங்க. அந்தப் பேரைக் கொடுத்த 'ஆசிட் டிராக்ஸ்' வெளிவந்தது 1987-ல. சரண்ஜித் சிங் இசைத்தட்டை 2010-ல திரும்ப வெளியிட்டப்போ கேட்டவங்களுக்கு ஒரே ஆச்சரியம், இது அஞ்சு வருஷம் முன்னாடியே மும்பையில நடந்திருக்கேன்னு. கடைசிக் காலத்துல வெளிநாட்டு மேடைங்கள்ல வாசிச்சுட்டு 2015-ல போய்ச் சேர்ந்தார்.

அதுக்கும் முன்னாடி, 1969-ல அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துல மூக் சின்தசைசரை வச்சு ஒரு மின்னிசைக் கூடம் நடந்திருக்கு. அமெரிக்காவிலிருந்து டேவிட் டியூடர் வந்து அமைச்சுக் கொடுத்தார். கீதா சாராபாய் மாதிரி நம்ம ஆளுங்க அதுல பதிவு பண்ணின நாடாக்கள் பல வருஷம் தூங்கிக் கிடந்து, 2023-லதான் தொகுப்பா வெளியே வந்துச்சு. விதைப் பானையை மச்சுல வச்சு மறந்துட்ட கதை.

தமிழ் ஆளுங்க வேணும்னா மாயா அருள்பிரகாசம் இருக்காங்க. எம்.ஐ.ஏ.ன்னா உலகத்துக்கே தெரியும். லண்டன்ல பிறந்து, யாழ்ப்பாணத்துலயும் கொஞ்ச நாள் சென்னையிலயும் வளர்ந்து, யுத்தத்துல அகதியா லண்டனுக்கே திரும்பினவங்க. ரோலண்ட் எம்.சி. 505-ன்னு ஒரே ஒரு பெட்டியில தட்டித் தட்டி உருவாக்கின பாட்டு 'கலாங்'. 2003-ல சின்ன கம்பெனி ஒண்ணு அதை 500 இசைத்தட்டுதான் போட்டுச்சு. கைமாறி, கிளப் கிளப்பா ஓடி, 2005-ல அப்பா பேர்ல 'அருளர்' தொகுப்பு, 2007-ல அம்மா பேர்ல 'கலா'. அந்த ரெண்டாவது தொகுப்புக்காகச் சென்னைக்கு வந்து உறுமிக்காரங்களை வச்சு அடிச்சுப் பதிவு பண்ணிட்டுப் போனாங்க. நம்ம கோயில் வாசல் சத்தம் கம்ப்யூட்டர் இசைக்குள்ள போனது புதுசு இல்லங்கிறதுக்காகச் சொல்றேன்.

சரி, செஞ்சதை எப்படி விக்கிறது? இங்கதான் எனக்கும் அவனுக்கும் பேச்சு ஓட ஆரம்பிச்சது. ஏன்னா இது எனக்குத் தெரிஞ்ச விஷயம். வெண்டைக்காயை வெடிகாலையில அறுத்து மண்டிக்கு அனுப்புறவனுக்கு, நடுவுல எத்தனை கை இருக்குன்னு பாடம் எடுக்க வேண்டாம்.

கேக்குற செயலிங்கள்ல ஒரு தடவை பாட்டு ஓடினா பைசாக் கணக்குலதான் வரும். ஸ்பாட்டிஃபை 2024-லிருந்து இன்னொரு விதி வச்சிருக்கு. 12 மாசத்துல 1,000 தடவையாவது ஓடாத பாட்டுக்குப் பதிவுப் பணமே கிடையாது. அரைக் கூடை கத்தரிக்காய் கொண்டு வந்தா எடையே போட மாட்டேன்னு சொல்ற மாதிரி. அந்த அரைக் கூடை சேர்ந்து சேர்ந்து பெரிய கூடைக்காரன் பங்குக்குப் போயிடும்.

பேண்ட்கேம்ப்னு 2008-ல வந்த ஒண்ணு நம்ம உழவர் சந்தை மாதிரி. செஞ்சவனே விலை வச்சு விக்கலாம், பாட்டுக் கோப்புக்கு 15 சதவீதம்தான் அவங்க எடுத்துக்கிறாங்க. கொரோனா வந்த 2020 மார்ச்ல ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பங்கையும் விட்டுக்கொடுத்தாங்க. அப்புறம் அதுவே வழக்கமாச்சு. நம்ம உழவர் சந்தை 1999-ல மதுரையில ஆரம்பிச்சது அரசாங்கம், அதனால யாரும் விலைக்கு வாங்கிட முடியாது. பேண்ட்கேம்ப்பை 2022-ல ஒரு வீடியோ கேம் கம்பெனி வாங்கி, அடுத்த வருஷமே இன்னொருத்தனுக்கு வித்துடுச்சு. பாதி ஊழியர்களுக்கு வேலை போச்சு. சந்தை இன்னும் ஓடுது, ஆனா சந்தைக்காரன் யாருன்னு பார்த்துக்கிட்டே இருக்கணும்.

ஒண்ணரை வருஷத்துல நாலு பாட்டு போட்டு அவனுக்கு வந்தது மூவாயிரத்துச் சொச்சம். ஹெட்போன் விலைகூட இல்ல. வேலையை விட்டுட்டு இதுலயே இறங்கட்டுமான்னு ஒரு நாள் கேட்டான். "பிரஸ்ஸு சோறு போடுது, பிரஸ்ஸே பாட்டும் போடுது. ரெண்டையும் ஏண்டா விடுற?"ன்னேன். அவன் பாட்டுல பாதி எனக்குப் பிடிக்கவும் இல்ல. இதை அவன்கிட்டயே சொல்லியிருக்கேன், அதனால இங்க எழுதறதுல தப்பில்ல. ஆனா ஒரு பாட்டு மட்டும், ராத்திரி மோட்டார் கொட்டாயில உக்காந்து கேட்டப்போ, சட்டுனு நிமிர்ந்து உக்கார வச்சுடுச்சு. பிரஸ் சத்தத்துக்கு நடுவுல நம்ம ஊர் பம்பை.

ரெண்டு வருஷம் முன்னாடி ஆடித் தீமிதிக்கு வந்தவன், பம்பையையும் உடுக்கையையும் போன்ல பதிவு பண்ணிட்டுப் போயிருக்கான். பம்பை தெரியாத வெளியூர்க்காரங்களுக்கு: ஒண்ணு மேல ஒண்ணா கட்டின ரெண்டு மேளம், ஒண்ணு மரம், ஒண்ணு பித்தளை. திருவள்ளூர்ப் பக்கம் அம்மன் கோயில்ல அது இல்லாம கூழ்கூட ஊத்த மாட்டாங்க. உடுக்கையில இடுப்புக் கயிறை அமுக்கினா சுருதி ஏறும், விட்டா இறங்கும். சின்தசைசர்ல ஓரமா ஒரு சக்கரம் வச்சிருக்கான், அதை உருட்டினா இதே வேலையைத்தான் செய்யுதாம். "மாமா, இவங்க இதைக் கையிலேயே வச்சிருந்திருக்காங்க"ன்னு சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கணுமே.

அந்தப் பதிவுலேருந்து 14 செகண்ட் பம்பையைத் தனியா வெட்டி, சத்தங்களைப் பகிர்ந்துக்கிற ஒரு தளத்துலயும் போட்டு வச்சிருந்தான். கிரியேட்டிவ் காமன்ஸ்னு ஒரு உரிமம். இவன் போட்டது, பேரைச் சொல்லிட்டு யாரும் எடுத்துக்கலாம், ஆனா விக்கிறதா இருந்தா கேட்டுக்கணும்கிற வகை. போன மாசம் ஜெர்மனியிலிருந்து ஒருத்தர் கேட்டு எழுதிட்டார். இசைத்தட்டுல சேர்க்கணும், 150 யூரோ தர்றேன்னு. பதினஞ்சாயிரம் ரூபாய்க்குக் குறையாது. நாலு பாட்டுக்கும் வராத காசு 14 செகண்டுக்கு.

தளத்துல அந்தச் சத்தத்துக்குக் கீழே என்ன பேர் போட்டிருக்கேன்னு கேட்டேன். 'கோயில் மேளம், தமிழ்நாடு', பதிவு அவன் பேர். அடிச்சவர் பேர் இல்ல.

இது சின்னப் பசங்க மட்டும் பண்ற வேலை இல்ல. 2021 மார்ச்ல வந்த 'எஞ்சாயி எஞ்சாமி'யை யாரும் மறந்திருக்க முடியாது. சினிமா இல்லாம, தனிப்பாட்டா வந்து உலகம் சுத்தின பாட்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல உழைச்ச தன் பாட்டி வள்ளியம்மாளை வச்சு அறிவு எழுதினது. காடு திருத்தின சனத்துக்கு நிலமில்லாமப் போன கதை. அந்த வருஷம் ஆகஸ்ட்ல ஒரு பெரிய இசைப் பத்திரிகை அட்டையில பாடின தீ இருந்தாங்க, எழுதிக் கூடப் பாடின அறிவு இல்ல. பா. ரஞ்சித் மாதிரி ஆளுங்க கேள்வி கேட்டதுக்கப்புறம்தான் இணைய அட்டையில அவர் படம் வந்துச்சு. 2024 மார்ச்ல இசையமைச்ச சந்தோஷ் நாராயணன், இந்தப் பாட்டுலேருந்து எங்களுக்கு இதுவரைக்கும் ஒரு பைசா வரலன்னு பொதுவுல சொன்னார். அவ்வளவு பேர் கேட்ட பாட்டுக்கே இந்த நிலைமைன்னா, 14 செகண்ட் பம்பைக்கு யாரு கணக்கு வைப்பா?

"மாமா, இது ஷேரிங். எல்லாரும் எல்லார்க்கும் குடுக்கறதுதான் இதுல அழகே. நான் எடுத்துக்கிட்ட எத்தனையோ சத்தம் யாரோ குடுத்ததுதானே"ன்னான். அது சரிதான். நான் திருத்துறைப்பூண்டி நெல் ஜெயராமன் கதையைச் சொன்னேன். இங்க பல தடவை எழுதியிருக்கேன், புதுசா வர்றவங்களுக்காக ஒரு வரி. ஆதிரெங்கத்துல 2006-லிருந்து நெல் திருவிழா நடத்தி, பாரம்பரிய விதை ரெண்டு கிலோ குடுப்பார். அடுத்த வருஷம் நாலு கிலோவாத் திருப்பிக் குடுக்கணும். காசு வாங்க மாட்டார், ஆனா கணக்கு உண்டு. 2018 டிசம்பர்ல அவர் போறதுக்குள்ள நூத்தி ஐம்பதுக்கு மேல ரகம் அப்படியே ஊர் ஊராப் பரவிடுச்சு. என் வயல்ல நிக்கிற மாப்பிள்ளைச் சம்பாவும் அப்படிக் கைமாறி வந்ததுதான்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். "அப்போ நான் யாருக்கு நாலு கிலோ தரணும்?"னான்.

ஞாயித்துக்கிழமை ரயிலேறி வரச் சொன்னேன். திருநின்றவூர்ல இறங்கினவனை வண்டியில ஏத்திக்கிட்டு நேரா பம்பைக்காரர் வீட்டுக்கே போனோம். எழுபதைத் தாண்டினவர். இப்போ வருஷத்துக்கு ஆறேழு கோயில்தான் கூப்பிடுது. பக்கத்து ஊர்ப் பெருமாள் கோயில்ல சுவிட்சைப் போட்டா மோட்டார்ல மேளமும் மணியும் தானா அடிக்கிற பெட்டி வச்சிருக்காங்க. அந்தப் பெட்டி வந்தப்போ கலை அழியுதுன்னு ஊர்ல ஒருத்தரும் மூச்சு விடல. கம்ப்யூட்டர் இசையைக் குறை சொல்ற பெரியவங்க இதையும் யோசிக்கணும்.

ஹெட்போனை மாட்டிவிட்டான். கண்ணை மூடிக்கிட்டு முழுப் பாட்டும் கேட்டார். கழட்டிட்டு, "நல்லாக்குது. ஆனா ஓடல"ன்னார். புரியலன்னு பார்த்தோம். தொடையில தட்டிக் காட்டினார். "மனுசன் அடிச்சா மூணாவது சுத்துல கொஞ்சம் ஓடும், அஞ்சாவதுல ஆறும். இது போட்ட எடத்துலயே நிக்குது. இதுக்கு ஆட்டம் வரும், அருள் வராது." பையன் போனை எடுத்து அதைக் குறிச்சுக்கிட்டான். ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டினது அவருக்கு ஒரே தடவையில தெரிஞ்சுபோச்சு.

அப்புறம் ஜெர்மனிக்காரர் கேட்ட 14 செகண்டை மட்டும் தனியாப் போட்டோம். அவர் முகம் மாறிடுச்சு.

"இது சாமி அழைக்கிற அடி, தம்பி. கரகம் ஜோடிச்சு முடிச்சு, தண்ணித் துறையில நின்னு அடிக்கிறது. எங்க வாத்தியார் என்னை மூணு வருசம் ஊர்வல அடி மட்டும் அடிக்க வச்சுட்டு அப்புறம்தான் இதைக் கைல குடுத்தார். இதை அவங்க எங்க போடுவாங்க?"

சாராயக் கடை மாதிரி இடத்துலயும் போடுவாங்கன்னு பையன் மறைக்காமச் சொன்னான். எனக்கு அது பிடிச்சிருந்தது.

"அப்ப வேணாம். ஊர்வல அடி கேளு, எவ்ளோ வேணா அடிச்சுத் தரேன். அதுக்கு எவன் ஆடினாலும் சந்தோசம். இது வேணாம்."

பதினஞ்சாயிரத்துல பாதி அவருக்குன்னு பேசிக்கிட்டுத்தான் போயிருந்தோம். அதையும் சொன்னோம். அந்த வீட்டுக்கு ஏழாயிரம் சின்னக் காசு இல்ல. அவர் மருமகள் வாசப்படியில நின்னு கேட்டுக்கிட்டுதான் இருந்தாங்க. அவர் திரும்பிப் பார்த்தார், திரும்பவும் வேணாம்னார். மருமகள் ஒண்ணும் சொல்லாம உள்ள போய் மோர் கொண்டு வந்தாங்க.

சட்டம் என்ன சொல்லுதுன்னு ரயில்ல வரும்போதே பையன் படிச்சிருந்தான். நம்ம பதிப்புரிமைச் சட்டத்துல 1994-ல ஒரு திருத்தம் பண்ணி, நிகழ்த்துறவங்களுக்குத் தனியா உரிமை குடுத்தாங்க. அந்தப் பட்டியல்ல நடிகர், பாடகர், வாத்தியக்காரர்னு ஆரம்பிச்சு வித்தை காட்டுறவர், பாம்பாட்டி வரைக்கும் இருக்கு. அவர் சம்மதம் இல்லாம அவர் அடிச்சதைப் பதிவு பண்ணி விக்கக் கூடாது, 50 வருஷத்துக்கு. 2012 திருத்தத்துல, பேரைச் சொல்லணும்னு கேக்கிற உரிமையும், வியாபாரமானா பங்கு கேக்கிற உரிமையும் சேர்ந்துச்சு. பாம்பாட்டியை மறக்காத சட்டம் பம்பைக்காரரையும் சேர்த்துக்கும்தானே. ஆனா இந்தச் சட்டத்தை அவர்கிட்ட சொல்ற நாள் வரைக்கும் அவருக்கு அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது.

அங்கயே உக்காந்து அந்த 14 செகண்டைத் தளத்துலேருந்து எடுத்தான். ஆனா அதுக்குள்ள 212 பேர் இறக்கிட்டாங்க. எடுத்தவங்க கையிலிருந்து திரும்ப வாங்க வழியில்ல. இதை எப்படி அவர்கிட்ட சொல்றதுன்னு ரெண்டு பேருமே தயங்கினோம், கடைசியில அவனே சொன்னான். பெரியவர் கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தார். "இருநூத்திப் பன்னெண்டு பேரா? போன வருசம் நம்ம தீமிதிக்கே அவ்ளோ பேரு வர்லியே."

பையன் தன் பாட்டுல இருந்தும் அந்த அடியை எடுக்கிறான். எனக்குப் பிடிச்ச ஒரே பாட்டு அது. எடுத்துட்டு அந்த இடத்துல என்ன வைக்கிறதுன்னு இன்னும் தெரியலயாம், இப்போதைக்கு அங்க பிரஸ் சத்தம் மட்டும் ஓடுது. ஜெர்மனிக்காரருக்கு எழுதிட்டான்: அந்த அடி கிடையாது, ஊர்வல அடி நல்ல மைக்ல புதுசாப் பதிவு பண்ணித் தர்றோம், அடிக்கிறவர் பேரும் அவர் வாத்தியார் பேரும் தட்டுல வரணும், பணத்துல பாதி அவருக்கு. பேர் போடறதுக்குச் சம்மதம், சத்தத்தைக் கேட்டுட்டுப் பணத்தைப் பேசலாம்னு பதில் வந்திருக்கு. வராமலும் போகலாம். மண்டிக்குச் சரக்கு அனுப்பிட்டு உக்காந்திருக்கிறது எனக்குப் பழகினதுதான், அவனுக்குத்தான் தூக்கம் வரல.

ஆடி ரெண்டாவது வாரம் பதிவு. சொர்ணவாரி அறுப்பும் அந்த நேரத்துலதான் வரும், எப்படியாவது ஒரு நாள் ஒதுக்கணும். மைக் வாடகைக்கு எடுக்கிறான். பம்பையில பித்தளைப் பக்கம் தோல் தளர்ந்து போச்சு, புதுசு கட்டினாத்தான் சத்தம் நிக்கும்னு பெரியவர் சொல்லியிருக்கார். அந்தச் செலவு என்னோடது. நல்லாத் தோல் கட்டுறவங்க திருவள்ளூர், பூந்தமல்லிப் பக்கம் யாராவது தெரிஞ்சா சொல்லுங்க.